கள்ளிக்குடி பக்கம் சூடு குறைகிறது என்கிறது சாட்டிலைட், நம்பலாமா?

மானாவாரி_மைந்தன்:
வணக்கம். எங்கள் ஊர்ப்பக்கம் 2000-லிருந்து வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில், நாசாவின் டெர்ரா சாட்டிலைட்டில் உள்ள மோடிஸ் கருவியின் தரைவெப்பத் தரவை எடுத்தேன் (8 நாள் சராசரி, ஒரு பிக்சல் என்பது 1 கி.மீ. சதுரம்). கெல்வினைச் செல்சியஸாக மாற்றியாச்சு. மே மாதம் காலை பத்தரைக்கே 45-ஐத் தாண்டுகிறது, ஆனால் அதே வாரம் மதுரை விமான நிலையத்தில் உச்சமே 40 தான். அதைவிடப் பெரிய குழப்பம், கடைசிச் சில வருடங்களாகப் வரைபடத்தில் பகல் வெப்பக் கோடு இறங்குகிறது. வெயில் குறைந்துவிட்டது என்று சொன்னால் டீக்கடையில் உட்கார விடமாட்டார்கள். எங்கே கோளாறு?

கரிசல்காட்டான்:
முதல் விஷயம் கோளாறே இல்லை தம்பி. விமான நிலையத்தில் அளப்பது காற்றின் சூடு, அதுவும் நிழலில், வெள்ளைப் பெட்டிக்குள். மோடிஸ் பார்ப்பது தரையின் மேல்தோலை. சித்திரையில் உழுதுபோட்ட கரிசலில் செருப்பில்லாமல் நடந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரானின் லூத் பாலைவனத்தில் இதே மோடிஸ் 80.8 டிகிரி காட்டியிருக்கிறது, காற்றில் உலக சாதனையே 1913-ல் அமெரிக்காவின் டெத் வேலியில் பதிவான 56.7 தான்.

வைகைக்கரை:
இறங்குமுகத்துக்கு நான் ரெண்டு காரணம் சந்தேகப்படுவேன். டெர்ராவுக்கு எரிபொருள் குறைந்ததால் 2020-க்குப் பிறகு அதன் பாதையைத் திருத்துவதில்லை, பத்தரைக்கு வந்துகொண்டிருந்தது வருடா வருடம் முன்கூட்டியே வருகிறது. காலையில் தரை மளமளவென்று சூடேறும் நேரம், கால் மணி நேரம் முந்தி எடுத்தாலே குளிர்ந்த மாதிரி தெரியும். ரெண்டாவது, அந்தப் பிக்சலில் என்ன இருக்கிறது? சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் பகல் தரைச்சூடு தானாகக் குறையும், காற்று குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பசுமைக் குறியீட்டையும் (செடிகொடி எவ்வளவு என்று காட்டும் சாட்டிலைட் அளவு) பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

மானாவாரி_மைந்தன்:
அண்ணே, பாதிப் பிக்சல் கண்மாய். தண்ணீர் இல்லாத வருடமெல்லாம் முழுக்கக் கருவேலம்தான்!

வைகைக்கரை:
அப்போ வேறு பிக்சல் பாருங்கள். கண்மாய் பெருகிய வருடமும் வறண்ட வருடமும் ஒரே கோட்டில் வந்தால் மழையின் கதைதான் கிடைக்கும்.

கரிசல்காட்டான்:
இரவுத் தரவையும் எடுங்கள், வெயில் நேரடியாக அடிக்காததால் தரைக்கும் காற்றுக்கும் இடைவெளி கம்மி. வருட சராசரி போடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய நாளெல்லாம் விட்டுப்போகும், தெளிந்த நாள் மட்டும் மிஞ்சும். மார்ச் முதல் மே வரை தனியாக எடுத்து, தரவோடு வரும் தரக்குறியீட்டில் சந்தேகமானதைக் கழித்துவிட்டு, சென் சரிவு (வருடங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டுக் கிடைக்கும் சரிவுகளின் நடு மதிப்பு) போடுங்கள், ஒரு வறட்சி வருடம் கோட்டையே இழுத்துவிடாது. காற்றின் சூடுதான் வேண்டுமென்றால் ஈஆர்ஏ5-லேண்ட் (கணினி மாதிரி வழியே கணக்கிட்ட வானிலைத் தரவு) 1950-லிருந்து இருக்கிறது, ஆனால் கட்டம் சுமார் 9 கி.மீ., கள்ளிக்குடியும் பக்கத்துக் கிராமங்களும் அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மானாவாரி_மைந்தன்:
சரி, மோடிஸ் உள்ள இன்னொரு சாட்டிலைட்டான அக்வாவின் இரவுத் தரவில் ஆரம்பிக்கிறேன். அதுவும் 2000-லிருந்து கிடைக்குமா?

வைகைக்கரை:
இல்லை, 2002 ஜூலையிலிருந்துதான். அதுவும் 2022-லிருந்து பாதையைத் திருத்தாததால் நேரம் தவறுகிறது, 2021-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.