போடோக்ஸா, ஃபில்லரா? சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. வயது 52. புருவத்துக்கு நடுவே இரண்டு கோடு, மூக்கோரத்திலிருந்து வாய் வரை மடிப்பு. இரண்டுக்கும் ஒரே ஊசி உதவாது. புருவக்கோடு தசை இழுப்பதால் வருவது, அதற்குத் தசையைத் தளர்த்தும் போடோக்ஸ்தான்: வழக்கமாக ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட். இரண்டு வாரத்தில் முழுப்பலன், மூன்று நான்கு மாதம் நிற்கும். (அதே வகை ஊசியான டிஸ்போர்ட்டின் யூனிட் கணக்கே வேறு. எண்ணைப் பார்த்து விலையை ஒப்பிடாதீர்கள்.)

குழப்பம் மடிப்பில்தான். மடிப்பை உள்ளிருந்து நிரப்பும் ஊசிதான் ஃபில்லர். அதில் ஹையலூரானிக் அமில ஃபில்லரா, கால்சியம் வகை ஃபில்லரான ரேடியெஸா? முதலாவது சரியில்லை என்றால் ஹையலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம், ரேடியெஸை அப்படிக் கரைக்க முடியாது. அதனால் மனசு முதலாவது பக்கமே சாய்கிறது. ஆனால் கன்னம் வற்றியிருந்தால் மடிப்பை நிரப்பாமல் கன்னத்தில் போட்டுத் தூக்குவதே நல்லது என்றும் சொல்கிறார்கள். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? பக்கத்துக்கு எத்தனை மில்லி போனது?

மூக்கோரம் ஆபத்தான இடம். ஃபில்லர் இரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துவிடும், கண்பார்வையே போகலாம். போட்டவுடன் தோல் வெளுத்து வலித்தால் காத்திருக்கக் கூடாது. அதனால் ஈப்போவில் எல்.சி.பி. (அழகு சிகிச்சை செய்ய மலேசியச் சுகாதார அமைச்சு தரும்) சான்றிதழ் உள்ள டாக்டர், ஹையலூரானிடேஸைக் கைவசம் வைத்திருப்பவர், மருந்துப் பெட்டியை நம் முன்னால் பிரிப்பவர் யாரென்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து மலிவாய் ஊசி போடும் சலூன்காரர்களைத் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே போட்டால் வீக்கமும் கன்றலும் வற்றிவிடும்தானே?