மறு: ‘தற்காப்பு வாதம்’ – போராட்டக் களத் துப்பாக்கிச்சூடுகளுக்கு ஒரு சொல் வேண்டும்

நெல்லை ஜங்ஷன், செய்திப் பிரிவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு மலருக்காக ஒரு நீண்ட கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2020இல் அமெரிக்கப் போராட்டங்களின் நடுவே சுட்டவர்கள், ‘என் உயிரைக் காத்துக்கொள்ளத்தான் சுட்டேன்’ என்று கோர்ட்டில் சொன்னதுதான் விஷயம். ‘செல்ஃப் டிஃபென்ஸ் க்ளெய்ம்’ என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. முன்னால் ‘டிஸ்ப்யூட்டட்’ (மறுப்புக்கு உள்ளான) வேறு.

எங்கள் டெஸ்க் வழக்கம் ‘தற்காப்புக்காகச் சுட்டார்’. என்கவுன்டர் நடந்தால் போலீஸ் கொடுக்கும் குறிப்பிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துவிட்ட வாசகம். இங்கே அதைப் போட முடியாது. தற்காப்புக்காகவா இல்லையா என்பதுதானே வழக்கே. ‘தற்காப்புக் கோரிக்கை’ என்று ஒருவர் எழுதித் தந்தார். சம்பள உயர்வுக் கோரிக்கை மாதிரி இருக்கிறது. நான் நினைத்திருப்பது ‘தற்காப்பு வாதம்’. வக்கீல் அண்ணாச்சியும் அம்பை டீச்சரும் பார்த்துச் சொன்னால் நல்லது. வியாழக்கிழமை பக்கம் போகணும்.

---

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி,

‘தற்காப்பு வாதம்’ என்றே வையுங்கள். அகராதியில் நேர்ச்சொல் தேடுவதைவிட, ஒரு சொல்லோடு எந்த வினை ஒட்டுகிறது என்று பார்ப்பது மேல். வாதத்தை எழுப்பலாம், வைக்கலாம். அது எடுபடும், அல்லது எடுபடாமல் போகும். கோர்ட் வராந்தாவில் நாங்கள் தினம் பேசுவதே ‘வாதம் எடுபடலை’ என்றுதான். கோரிக்கையை நிறைவேற்றுவார்கள், நிராகரிப்பார்கள். ஒருத்தன் உயிருக்குப் பயந்தானா இல்லையா என்பதில் நிறைவேற்ற என்ன இருக்கிறது?

‘எடுபட்டது’ என்பதை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் கட்டுரையில் கெனோஷா வராமல் இருக்காது. 2020 ஆகஸ்ட் 25 இரவு, விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில், 17 வயது கைல் ரிட்டன்ஹவுஸ் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியால் இருவரைச் சுட்டுக் கொன்றார். மூன்றாமவர் காயத்தோடு பிழைத்தார். 2021 நவம்பர் 19இல் ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்றது. இதைத் ‘தற்காப்பு நிரூபணமானது’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த மாநிலத்தில் தற்காப்பு வாதம் எழுந்துவிட்டால், அது தற்காப்பு இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவேண்டிய பாரம் அரசுத் தரப்புக்கு. அவர்களால் காட்ட முடியவில்லை. தீர்ப்பு அவ்வளவுதான் சொல்கிறது. ஆகவே வாதம் எடுபட்டது என்று எழுதலாம். நிரூபணம் என்று எழுத முடியாது.

நம்ம ஊரில் பாரம் மறுபக்கம். சாட்சியச் சட்டத்தில் 105ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 108. தற்காப்பு என்ற விதிவிலக்குக்குள் தன் செயல் வருகிறது என்று காட்டவேண்டியவர் குற்றம்சாட்டப்பட்டவர். ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டாம், ‘இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்குக் காட்டினால் போதும். கூண்டில் நின்று ‘தற்காப்பு’ என்ற சொல்லையே அவர் உச்சரிக்காவிட்டாலும், சாட்சியத்திலிருந்து அது தெரிந்தால் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஆஸ்டின் வழக்கு. 2020 ஜூலை 25, டெக்சாஸ். வாடகைக்கு ஊபர் ஓட்டிக்கொண்டிருந்த ராணுவ சார்ஜென்ட் டேனியல் பெர்ரி, ஊர்வலம் போன தெருவுக்குள் காரைத் திருப்பினார். ஏகே-47 வகைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்த போராட்டக்காரர் ஒருவர் காரை நெருங்கினார். பெர்ரி கைத்துப்பாக்கியால் சுட்டார், அவர் இறந்தார். அந்த மாநிலத்தில் இரண்டு பேருமே ஆயுதம் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது! துப்பாக்கி முனை எந்தப் பக்கம் பார்த்தது என்பதில்தான் வழக்கு நின்றது. தன்னை நோக்கிக் குறிபார்க்க விடக்கூடாது என்றுதான் சுட்டதாகப் போலீஸ் விசாரணையில் பெர்ரி சொன்னார். குறி பார்த்தாரா, பார்க்கப்போகிறார் என்று இவர் நினைத்தாரா? 2023 ஏப்ரலில் ஜூரி கொலைக் குற்றவாளி என்றது, மே மாதம் 25 ஆண்டு தண்டனை. 2024 மே 16இல் ஆளுநர் கிரெக் அபட் மன்னிப்பு வழங்க, வெளியே வந்தார்.

இங்கேதான் உங்கள் பத்திரிகைக்காரர்களோடு எனக்கு மல்லுக்கட்டு. ரிட்டன்ஹவுஸ் ‘விடுதலை’. பெர்ரியும் ‘விடுதலை’. ஜாமீனில் வந்தவனும் ‘விடுதலை’. முதலாமவரின் வாதம் எடுபட்டது. இரண்டாமவரின் வாதம் எடுபடவில்லை, ஆளுநர் மன்னித்தார். ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைப்பார். பெர்ரிக்கு ‘மன்னிப்பில் வெளிவந்தார்’ என்று எழுதுங்கள்.

இன்னொரு சொல்லும் உங்களுக்குத் தேவைப்படும். தானே போய் ஆபத்தை உண்டாக்கிவிட்டு, அப்புறம் ‘எனக்கு ஆபத்து, சுட்டேன்’ என்கிறவன். கெனோஷாவில் அரசுத் தரப்பின் வாதமே அதுதான்: முதலில் துப்பாக்கியை நீட்டி வம்பிழுத்தது ரிட்டன்ஹவுஸ் என்று ட்ரோன் வீடியோவைக் காட்டினார்கள். அதை ஜூரி பரிசீலிக்க நீதிபதி அனுமதித்தார். நம்ம பேச்சில் இதற்கு வாசகம் தயாராக இருக்கிறது, ‘வம்பை விலைக்கு வாங்குவது’. சட்டச் சொல்லாக ‘வருவித்த ஆபத்து’ என்று வைக்கலாம் என்பது என் யோசனை.

நம்ம ஜில்லாவில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். லைசென்ஸ் வைத்திருக்கிற சிலரும் எலெக்ஷன் வந்தால் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்துவிடுவார்கள். எங்கள் கேஸ் கட்டில் தற்காப்பு என்றால் அரிவாள், கம்பு. வரப்புத் தகராறோ கொடைவிழாத் தகராறோ, இரண்டு தரப்பும் ரத்தத்தோடு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடும், இரண்டும் கேஸ் கொடுக்கும்; கேஸ், கவுண்டர் கேஸ். ராத்திரி டியூட்டி டாக்டர் ஏஆர் காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) எழுதும் இரண்டு வரியில்தான் பாதி வழக்கு இருக்கிறது. எத்தனை மணிக்கு வந்தார், தெரிந்தவர் எத்தனை பேர் எதனால் தாக்கியதாகச் சொன்னார், காயம் எங்கே. உள்ளங்கையில் குறுக்கே வெட்டு, முழங்கைக்குக் கீழே வெளிப்புறம் வெட்டு என்றால் அவன் கையை நீட்டித் தடுத்திருக்கிறான் என்று அர்த்தம். குற்றம்சாட்டப்பட்டவன் உடம்பிலும் காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் வழக்கிலேயே ஓட்டை விழும் என்று 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டாத தற்காப்பு வழக்கு குறைவு. செல்போன் வீடியோ வந்தபிறகும் இந்தக் காகிதத்தின் மவுசு குறையவில்லை.

---

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அண்ணாச்சிக்கும் தம்பிக்கும் வணக்கம்.

‘வாதம்’ என்றதும் எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கவாதமும் முடக்குவாதமும்தான் ஞாபகம் வரும். அது போகட்டும். நான் வேறொன்று யோசித்தேன்: ‘தற்காப்பெனல்’. தற்காப்பு என்று சொல்லுதல், அவ்வளவுதான் பொருள். சொல்கிறவர் சொல்கிறார், உண்மையா பொய்யா என்று சொல் தீர்ப்பளிக்காது. ஒரே சொல்லாகவும் நிற்கும். செய்தித்தாளில் ஓடுமா என்று தம்பிதான் சொல்லணும்.

‘வருவித்த ஆபத்து’ எனக்கு உடன்பாடு. ஆனால் ‘ஒதுங்கிப் போகும் கடமை’யையும் சேர்த்து வைக்காமல் அதை மட்டும் வைத்தால் பாதிதான். சில மாநிலங்களில் பத்திரமாக ஒதுங்க வழி இருந்தால் ஒதுங்கியே ஆகவேண்டும். டெக்சாஸ் போன்ற இடங்களில் நின்ற இடத்திலேயே எதிர்க்கலாம். இரண்டாவதற்கு ‘நின்றெதிர் உரிமை’ என்று வைத்திருக்கிறேன். நம் சட்டத்தில் இப்படி நேராகப் பிரிக்கவில்லை. அதிகாரிகளிடம் பாதுகாப்புக் கேட்க நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது என்று மட்டும் இருக்கிறது, இல்லையா அண்ணாச்சி?

எனக்கு உறுத்துவது வேறு. சுட்டவர் தனி ஆளாக இருந்தால் ‘வாதம்’, போலீஸாக இருந்தால் ‘தற்காப்புக்காகச் சுட்டனர்’ என்று செய்தி நேராகவே ஓடுகிறதே? 1908 மார்ச் 12இல் வ.உ.சி.யைக் கைது செய்ததும் மறுநாள் நம்ம திருநெல்வேலியில் கலவரம், போலீஸ் சுட்டதில் நாலு உயிர் போனது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் போராட்டத்தின்போது 13 பேர். அவர்களைக் குறிக்கும்போது நாம் ‘கலவரக்காரர்’ என்று எழுதினால் தற்காப்புக்குப் பாதி வேலையை நாமே செய்துகொடுத்துவிடுகிறோம். கெனோஷா வழக்கில் நீதிபதி, சுடப்பட்டவர்களைப் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று அரசு வக்கீல் அழைக்கக்கூடாது என்றார். சாட்சியம் இருந்தால் ‘கலவரக்காரர்’, ‘கொள்ளையடித்தவர்’ என்று எதிர்த்தரப்பு கடைசி வாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தப் பாரபட்சம் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி, ‘சுடப்பட்டவர்’, ‘சுட்டவர்’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

---

பாளையங்கோட்டையிலிருந்து:

டீச்சர் கேட்டது சரிதான். புதுத் தண்டனைச் சட்டத்தில் 37ஆவது பிரிவு, பழையதில் 99. அதே பிரிவுதான், தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும் சொல்கிறது. உரிமை இருந்து, கெட்ட எண்ணமில்லாமல் எல்லை தாண்டிவிட்டால் கொலை என்பது கொலையாகாத மரணமாக இறங்கும். அதற்கு ‘வரம்பு மீறிய தற்காப்பு’ என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, புதுசு வேண்டாம்.

போலீஸ் விஷயத்தில் இரண்டு கால் இருக்கிறது, செய்திகள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க உத்தரவின் பேரில் சுடுவது ஒன்று. தன் உயிருக்கு வந்த ஆபத்துக்காகச் சுடுவது இன்னொன்று, அது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமை, சீருடைக்காகக் கூடுதலாக ஒன்றும் கிடையாது. தூத்துக்குடியில் உத்தரவு கொடுத்ததாகப் பதிவில் இருந்தது துணை வட்டாட்சியர்கள் பெயரில். அப்படியானால் அது கலைப்புக்கான சூடு. அதற்கு ஆதரவாகத் தற்காப்பைப் பேசுவதற்கு முதலில் எந்தக் காலில் நிற்கிறார்கள் என்று கேட்கணும். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மேல் சுட்டதாக அதில் இருக்கிறது. முதுகைக் காட்டி ஓடுகிறவனிடமிருந்து என்ன தற்காப்பு?

என்கவுன்டருக்கு 2014இல் பியூசிஎல் என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெறிமுறை இருக்கிறது, எஃப்ஐஆர் போட்டுத் தனி விசாரணை நடத்தணும் என்று. ஆகவே போலீஸுக்கும் ‘தற்காப்பு வாதம்’தான், தம்பி. டெஸ்க்கில் சண்டை வரும், தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கட்டுரையில் சேர்க்க இடம் இருந்தால். தண்டனைச் சட்டத்தில் பழைய 106, இப்போது 44. சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: ஒருவனைக் கொல்ல ஒரு கும்பல் பாய்கிறது. சுடாமல் தப்ப முடியாது. கும்பலுக்குள் சின்னப் பிள்ளைகள் கலந்து நிற்கிறார்கள், சுட்டால் அவர்கள் மேலும் படலாம். அவன் சுட்டு ஒரு பிள்ளைக்குப் பட்டால் குற்றமில்லை என்கிறது சட்டம். 1860இல் எழுதினது, புதுச் சட்டத்திலும் அப்படியே. படித்த நாளிலிருந்து எனக்கு அந்த உதாரணம் செரித்ததில்லை.

---

நெல்லை ஜங்ஷன், செய்திப் பிரிவிலிருந்து:

அண்ணாச்சி, டீச்சர், மிக்க நன்றி.

‘தற்காப்பெனல்’ அழகு. பக்கம் பார்க்கிறவரிடம் காட்டினேன். ‘இது என்ன மாத்திரையா’ என்றார். எனவே ‘தற்காப்பு வாதம்’. ‘டிஸ்ப்யூட்டட்’டுக்குத் தனியாக எதுவும் போடவில்லை, வாதம் என்றாலே மறுப்பு உண்டு என்று விட்டுவிட்டேன். ‘வருவித்த ஆபத்து’, ‘ஒதுங்கும் கடமை’, ‘நின்றெதிர் உரிமை’ மூன்றும் முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு போகின்றன. மாதிரிக்கு இரண்டு வாக்கியம்:

> கெனோஷா ஜூரியிடம் ரிட்டன்ஹவுஸின் தற்காப்பு வாதம் எடுபட்டது. ஆபத்தை அவரே வருவித்தார் என்ற அரசுத் தரப்பின் வாதம் எடுபடவில்லை.

> பெர்ரியின் தற்காப்பு வாதத்தை ஆஸ்டின் ஜூரி ஏற்கவில்லை. ஓராண்டுக்குப் பின் ஆளுநரின் மன்னிப்பில் வெளிவந்தார்.

போலீஸ் செய்திக்கு, ‘தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸ் தரப்பு வாதம்’ என்று எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். ‘வாதம்’ வேண்டாம், ‘போலீஸார் தெரிவித்தனர்’ போதும் என்கிறார். பாதி வெற்றி என்று வைத்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதற்கு, அதாவது ‘ஓப்பன் கேரி’க்கு, இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘வெளிப்படை ஆயுதமேந்தல்’ வாயில் நுழையவில்லை. யாருக்காவது தோன்றினால் புதன் ராத்திரிக்குள் எழுதுங்கள்.