செம்பு மருந்திட்ட தனிமைத் தொட்டியில் அம்மோனியா ஏறுகிறது: என்ன செய்யலாம்?

உவர்நீர்:
புதிதாக வாங்கிய ஒரு ஜோடி கோமாளி மீன்களையும் ஒரு டாங் மீனையும் 75 லிட்டர் தனிமைத் தொட்டியில் (பெரிய தொட்டிக்கு நோய் பரவாமல் புது மீன்களைப் பிரித்து வைக்கும் தொட்டி) வைத்திருக்கிறேன். டாங்கின் துடுப்புகளில் உப்புத்தூள் ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்ததால், கீலேட் வகைச் (செம்பை வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) செம்பு மருந்தை லிட்டருக்கு 2.25 மில்லிகிராம் அளவில் நிறுத்தியுள்ளேன். மணலோ பாறையோ இல்லை. புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகளும் மட்டுமே உள்ளன. வெப்பநிலை 28 டிகிரி, பிஎச் 8.2. மொத்த அம்மோனியா இன்று லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தொட்டுவிட்டது. அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவத்தை ஊற்றலாமா, அல்லது பெரிய தொட்டியிலிருந்து ஓர் உயிர்ப்பாறையை (நன்மை தரும் பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய பாறை) எடுத்து வைக்கலாமா?

வங்கக்கரை:
இரண்டும் வேண்டாம். அத்தகைய திரவங்களில் பல, நீரிலுள்ள செம்பை மீனுக்கு இன்னும் நஞ்சான வடிவத்துக்கு மாற்றக்கூடியவை; மருந்துப் புட்டியின் லேபிளில் இதுபற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பாறை சுண்ணாம்புத் தன்மை கொண்டதால் செம்பை உறிஞ்சி மருந்தின் அளவைக் குறைத்துவிடும். அதில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் செம்பால் செத்து அழுகி, நீங்கள் குறைக்க நினைக்கும் அம்மோனியாவையே கூட்டிவிடும்.

இப்போதைக்குத் தண்ணீர் மாற்றுவதே வழி, ஆனால் கணக்கோடு மாற்ற வேண்டும். மருந்தில்லாத புது நீரால் 30 லிட்டரை மாற்றினால் செம்பு 2.25 இலிருந்து 1.35 ஆக இறங்கி, நோய்க்கிருமி தப்பிக்கும் நிலைக்கு வந்துவிடும். எனவே உப்பு நீரை முந்தைய நாளே கலக்கி, அதே வெப்பநிலைக்கும் உப்பளவுக்கும் கொண்டுவந்து, வாளியிலேயே 2.25 அளவுக்கு மருந்திட்டு, அளந்து பார்த்த பிறகே ஊற்றுங்கள். பெரிய தொட்டியின் சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) சில வாரங்களாக ஊறிய ஸ்பாஞ்ச் இருந்தால், இன்றே அதைக் கொண்டுவந்து வையுங்கள்; அதில் குடியேறிய பாக்டீரியா அம்மோனியாவைச் சிதைக்கும். அது ஒருவழிப் பயணம். செம்பு ஏறிய ஸ்பாஞ்ச் பவளமும் இறாலும் வாழும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது.

நீரோட்டம்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் மூலகாரணம் பெரும்பாலும் தீனிதான். உறைந்த தீனியை உருக்கிய சாற்றோடு போடாமல் வடிகட்டிப் போடுங்கள். டாங்குக்குக் கிளிப்பில் மாட்டும் கடற்பாசித் தாளில் மிஞ்சுவதை அன்றே எடுத்துவிடுங்கள். அடியில் தங்கும் எச்சத்தைக் காற்றுக் குழாயால் மாலைதோறும் உறிஞ்சி எடுங்கள். டாங் தின்பதும் கழிப்பதும் கோமாளிகளைவிடப் பல மடங்கு.

பிஎச்சையும் கவனியுங்கள். மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்வது அயனியாகாத (மின்னேற்றம் இல்லாத) பகுதியே, பிஎச் 0.3 கூடினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் கூடினாலும் அதிகரிக்கும். ஆகவே இந்த நிலையில் பிஎச்சை உயர்த்தும் பொடி எதையும் தொடாதீர்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால், மின்வெட்டு வரும் வீட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம்.

உவர்நீர்:
மிக்க நன்றி. ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக மருந்திட்ட உப்பு நீரைத்தானே ஊற்ற வேண்டும்?

வங்கக்கரை:
இல்லை, வெறும் ஆர்ஓ நீர் மட்டுமே. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் செம்பும் தொட்டியிலேயே தங்குகின்றன. மருந்திட்ட நீரையே ஊற்றினால் இரண்டும் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடுவரை மட்டும் நிரப்புங்கள். கரித்தூள் பை ஏதும் இருந்தால் அகற்றிவிடுங்கள், அது மருந்தை இழுத்துக்கொள்ளும். நோய்க்காக ஆன்டிபயாடிக் சேர்க்க நேர்ந்தால், ஸ்பாஞ்சிலுள்ள பாக்டீரியாவும் அடிபடும் என்று கருதி அம்மோனியாவைத் தினமும் அளந்து பாருங்கள்.