குதுப்பாலோங் முகாமில் பணியாற்றியவர்களிடம் ஓர் உதவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அகதி முகாம்களில் பரவும் சுவாசத் தொற்றுகளைப் பற்றி, செவிலியர் பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடம் எழுதி வருகிறேன். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில், மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகள் தங்கியுள்ள குதுப்பாலோங் உள்ளிட்ட முகாம்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். 2017 ஆகஸ்டு மாதத்துக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வந்து சேர, தடுப்பூசி போடப்படாத குழந்தைகள் பலர் இருந்த அக்கூட்டத்தில், அவ்வாண்டு நவம்பரிலேயே தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் பரவத் தொடங்கியது. மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய ஒற்றை அறைக்குள் விறகடுப்புப் புகையும் இருமலும் ஒன்றாகவே தங்கியிருந்தன. ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்னும் விதி ஏட்டளவில்தான் நின்றது.

என் ஐயம் நிமோனியாவைக் கண்டறிவது பற்றியது. ஓராண்டு நிறைந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேக மூச்சு. 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு அந்த அளவு 50. சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தை அழுதால் அந்தக் கணக்கு உதவாது. நெரிசலும் இரைச்சலும் மிகுந்த வெளிநோயாளர் வரிசையில் இதை எவ்வாறு செய்தீர்கள்? தனி அறையே இல்லாத குடிசையில், இருமும் ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்கக் குடும்பத்தாருக்கு என்ன சொன்னீர்கள்? பாடநூல்களில் இதற்கு விடை இல்லை (எழுதியவர்கள் குடிசைக்குள் நின்றதில்லை போலும்).

அங்கோ, அதைப் போன்ற வேறு முகாமிலோ பணியாற்றிய மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் அனுபவத்தை இப்பதிவின் கீழ் எழுதினால் நன்றியுடையவனாவேன். நோயாளிகளின் பெயரோ படமோ வேண்டாம்.