கிட்னி ஸ்லைடுல பிசிடி, டிசிடி எப்படி பிரிக்கிறீங்க?

சீனியர்ஸ், ஹிஸ்டாலஜி (திசுக்கள மைக்ரோஸ்கோப்புல பாத்துப் படிக்கிறது) பிராக்டிகல் நெருங்கிருச்சு, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. குளோமெருலஸ் (ரத்தத்த ஃபில்டர் பண்ற குட்டி ரத்தக்குழாய் முடிச்சு) ஈசியா சிக்குது, அதச் சுத்தி இருக்குற டியூபுல்ஸ்தான் தலவலி. பிசிடினா (ப்ராக்ஸிமல் கன்வல்யூட்டட் டியூபுல், குளோமெருலஸ்ல ஃபில்டரானது முதல்ல போற சுருள் குழாய்) அடர் பிங்க், பிரஷ் பார்டர் (செல் ஓரத்துல பிரஷ் மாதிரி இருக்குற நுண் இழைகள்) இருக்கறதால லூமன் (குழாயோட உள்வெளி) மசமசன்னு தெரியும், டிசிடினா (டிஸ்டல் கன்வல்யூட்டட் டியூபுல், பின்னாடி வர்ற சுருள் குழாய்) வெளிறி, லூமன் கிளியரா, நியூக்ளியஸ் நெருக்கமா இருக்கும்னு படிச்சாச்சு, ஆனா எங்க லேப் ஸ்லைடு ரொம்பப் பழசு, கலரே மங்கிப்போய் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. ஒரு நாளைக்கு ஃபில்டர் ஆகுற சுமார் 180 லிட்டர்ல மூணுல ரெண்டு பங்க பிசிடியே திரும்ப உறிஞ்சிடுது, அது நீளமும் ஜாஸ்தி, அதனால கார்டெக்ஸ்ல (கிட்னியோட வெளி அடுக்கு) மெஜாரிட்டியா தெரியுறத பிசிடின்னு எழுதிரலாமா? மேக்குலா டென்சாவ (குழாய்ச் சுவர்ல நெருக்கமா இருக்குற செல் கூட்டம்) வாஸ்குலர் போல் (குளோமெருலஸுக்கு ரத்தக்குழாய் நுழையுற இடம்) பக்கம் எப்படித் தேடுறது? யூரிட்டர் (கிட்னில இருந்து யூரின் பைக்குப் போற குழாய்) பிரச்சனையில்ல, நட்சத்திர லூமனே காட்டிக் குடுத்துரும். நல்ல ஸ்லைடு போட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ்.