ஆனந்த் ஐந்து தடவையா, நாலு தடவையா?

குதிரைக்காரன்:
நேற்று ஒருவர் இங்கே “சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்த் ஐந்து தடவை உலகச் சம்பியன், ரஷ்யாவின் கஸ்பரோவுக்குச் சமம்” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நாலு ஐயா, நாலு! 2007 மெக்சிக்கோ, 2008 ஜெர்மனி, 2010 சோபியா, 2012 மொஸ்கோ. விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள்.

வெள்ளவத்தை வாசி:
எழுதியது நான்தான். 2000-இல் தெஹ்ரானில் நடந்த உலகச் சம்பியன் இறுதியில் ஷிரோவை 3½–½ என்று சுருட்டியது என்ன கனவிலா?

குதிரைக்காரன்:
அது நொக்கவுட், தோற்றவர் வெளியேறும் தொடர். அப்போது உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது; அதே ஆண்டு லண்டனில் கஸ்பரோவை வீழ்த்தி மற்றப் பட்டத்தை எடுத்தவர் கிரம்னிக். அவர்கள் இருவருமே அந்தத் தொடரில் இல்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

வெள்ளவத்தை வாசி:
அப்படியென்றால் 1975-இல் பிஷ்ஷர் வராததால் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்தாமல் பட்டம் வாங்கிய கார்ப்போவ்? மெக்சிக்கோவும் எட்டுப் பேர் ஆடிய தொடர்தானே?

குதிரைக்காரன்:
மெக்சிக்கோவில் கிரம்னிக் இருந்தார். தெஹ்ரானில் இல்லை. நாலு.

பழைய சிப்பாய்:
நாலோ ஐந்தோ, 2008-இல் ஜெர்மனியின் பொன் (Bonn) நகரில் கறுப்புக் காய்களோடு 3ஆம், 5ஆம் ஆட்டங்களில் அதே கிரம்னிக்கை அடித்தாரே! இரண்டிலும் ஒரே தொடக்கம். ஐந்தாவதில் அந்தக் குதிரை பாய்ந்ததை இப்போதும் பலகையில் வைத்துப் பார்க்கிறேன்.

குதிரைக்காரன்:
அண்ணை, கேள்வி அதுவல்ல. 1995-இல் நியூயோர்க்கில் கஸ்பரோவோடு ஆடிய உலகப் பட்டப் போட்டியில் முதல் எட்டு ஆட்டமும் சமநிலை, ஒன்பதாவது ஆனந்துக்கு. கடைசியில் 10½–7½ கஸ்பரோவுக்கு. எங்கே சமம்? 2013-இல் சொந்தச் சென்னையிலேயே நோர்வேயின் கார்ல்சனிடம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை.

வெள்ளவத்தை வாசி:
சென்னையை இழுக்காதீர்கள். ஒரு தமிழன் வென்றால் உங்களுக்கு ஏன் எரிகிறது?

குதிரைக்காரன்:
நானும் தமிழன்தான் தம்பி. அதற்காக நாலு ஐந்தாகுமா? கொட்டாஞ்சேனையில் என்னோடு ஆடியபோதும் இதே கதைதான். மணிக்கூட்டில் நேரம் முடிந்த பிறகு கையை நீட்டினீர்கள்.

வெள்ளவத்தை வாசி:
அந்த மணிக்கூடு உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இரவல் வாங்கி இரண்டு வருடம். கூடவே வெள்ளைக் குதிரை ஒன்றையும் காணோம். நான் சோடா மூடியை வைத்து ஆடுகிறேன்.

குதிரைக்காரன்:
செத்துக் கிடந்த மணிக்கூடு. பற்றரி போட்டது நான்.

பழைய சிப்பாய்:
அந்த ஐந்தாவது ஆட்டத்தை யாராவது பார்த்தீர்களா?

குதிரைக்காரன்:
பற்றரிக் காசைத் தந்துவிட்டு எடுத்துப்போங்கள். நாலு.

வெள்ளவத்தை வாசி:
ஐந்து. குதிரையையும் எடுத்து வையுங்கள்.