மலிவாகக் கிடார் வாங்கிவிட்டேன், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். போன வாரம் தாம்பரத்தில் ஒருவரிடம் பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். மலிவு என்ற மகிழ்ச்சி வீடு வந்து சேரும் வரைதான் இருந்தது. 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் தடித்த கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. 2 இருந்தாலே தாராளம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை இறக்கினால் போதுமா, கழுத்தே வளைந்துவிட்டதா? கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருகக் கை நடுங்குகிறது. சென்னையில் நம்பிக்கையாகச் சரிசெய்து தருபவர் யாரேனும் உண்டா?

இன்னொன்று. கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் (Boss) நிறுவனத்தின் பழைய டிஎஸ்-1 பெடல் தேடுகிறேன், 1978 முதல் வருகிற அந்த ஆரஞ்சுப் பெட்டிதான். ஒருவர் படம் மட்டும் அனுப்புகிறார். வாசித்துக் காட்டுங்கள் என்றால் பேச்சை மாற்றி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (கிடாரின் விலையே வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.)